நோயாளியைப் பார்க்காமல் ஒரு மருத்துவப் பயிற்சி
இங்கிலாந்தின் சுகாதாரக் கொள்முதல் அலுவலகங்களில் மாணவர்கள் என்ன கற்கிறார்கள், என்ன கற்க வேண்டும்?

2010ஆம் ஆண்டு லண்டனில் பக்கவாத நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ்கள் வழி மாறின. அதுவரை முப்பது மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வழக்கம். இனி எட்டு உயர்சிகிச்சை மையங்களுக்கு மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்று ஆனது. பயணம் சில நிமிடம் கூடியது. ஆனால் போய்ச் சேரும் இடத்தில் ஸ்கேனும் நிபுணரும் இரவு பகல் எந்நேரமும் தயாராக இருந்தார்கள். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு, இந்த மாற்றத்தால் ஆண்டுக்குச் சுமார் 96 உயிர்கள் கூடுதலாகப் பிழைத்ததாகக் கணக்கிட்டது. அதே காலத்தில் மான்செஸ்டர் வட்டாரமும் பக்கவாதச் சேவையை மாற்றியமைத்தது. ஆனால் நோய் தாக்கிய நான்கு மணி நேரத்துக்குள் வந்தவர்களை மட்டுமே சிறப்பு மையத்துக்கு அனுப்புவது என்று அங்கே முடிவானது. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன. லண்டனில் கண்டது போன்ற இறப்புக் குறைவு அந்த ஆய்வில் தென்படவில்லை.

இரண்டு ஊர் மருத்துவர்களும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். கொடுத்த மருந்தும் ஒன்றுதான். யாரை எங்கே அனுப்புவது, எந்த மருத்துவமனைக்கு எந்த வேலைக்காகப் பணம் கொடுப்பது என்று கூட்ட அறைகளில் எடுத்த முடிவில்தான் வேறுபாடு இருந்தது. ஒரு வட்டார மக்களுக்கு எந்தச் சிகிச்சை எவ்வளவு தேவை என்று கணித்து, அதைத் தரக்கூடியவர்களோடு ஒப்பந்தம் போட்டு, ஒப்புக்கொண்டபடி கிடைக்கிறதா என்று கண்காணிக்கும் இந்த வேலையை இங்கிலாந்தில் கமிஷனிங் என்கிறார்கள். தமிழில் சுகாதாரச் சேவைக் கொள்முதல் என்று வைத்துக்கொள்ளலாம். மருந்து வாங்குவது இதில் ஒரு சிறு பகுதி. முழங்கால் அறுவை சிகிச்சை, மனநல ஆலோசனை, பிரசவ வார்டு, வீட்டுக்கு வரும் செவிலியர் என எல்லாமே இந்தக் கொள்முதலுக்குள் அடங்கும்.

இந்த அலுவலகங்களுக்கு மருத்துவம், மருந்தியல், செவிலியம், பொதுச் சுகாதாரம், நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் பணிப்பயிற்சிக்கு வருகிறார்கள். சிலர் இரண்டு வாரம், சிலர் சில மாதம், சிலர் ஓராண்டு. அங்கே நோயாளி கிடையாது, வார்டு கிடையாது, கணினித் திரையும் கூட்டங்களும் கோப்புகளுமே உண்டு. இப்படியொரு இடத்தில் எதைக் கற்க முடியும், உண்மையில் எதைக் கற்கிறார்கள், இரண்டுக்கும் இடைவெளி ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கும் அலுவலகம்

பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை, அதாவது என்எச்எஸ், 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. முதல் நாற்பது ஆண்டுகளில் மருத்துவமனையை நடத்துவதும் அதற்குப் பணம் ஒதுக்குவதும் பெரும்பாலும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தன. 1985இல் அமெரிக்கப் பொருளியலாளர் அலைன் என்தோவன் வேறொரு யோசனையை முன்வைத்தார். பணம் அரசுடையதாகவே இருக்கட்டும். ஆனால் சேவையை வாங்குபவரும் வழங்குபவரும் தனித்தனியாக இருக்கட்டும், அப்போது வழங்குபவர்களிடையே போட்டி வரும் என்றார். மார்கரெட் தாட்சர் அரசு 1989 வெள்ளை அறிக்கையிலும் 1990 சட்டத்திலும் இதை எடுத்துக்கொண்டது. 1991 ஏப்ரலில் 'உள்சந்தை' நடைமுறைக்கு வந்தது.

அதன்பின் வாங்கும் அமைப்பின் வரலாறு முழுக்கக் கலைத்தலும் கட்டுதலும்தான். 1999இல் 481 ஆரம்பச் சுகாதாரக் குழுக்கள். 2002க்குள் 303 ஆரம்பச் சுகாதார டிரஸ்டுகள். 2006இல் அவை 152 ஆகச் சுருங்கின. சுகாதார அமைச்சராக இருந்த ஆண்ட்ரூ லான்ஸ்லி கொண்டுவந்த 2012 சட்டத்தால் டிரஸ்டுகள் ஒழிந்து, 2013 ஏப்ரல் 1 முதல் குடும்ப மருத்துவர்கள் தலைமையில் 211 கொள்முதல் குழுக்கள் பொறுப்பேற்றன. இணைந்து இணைந்து அவை 106 ஆயின. 2022 ஜூலை 1 அன்று அவையும் கலைக்கப்பட்டு 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் வந்தன. 2025 மார்ச்சில் என்எச்எஸ் இங்கிலாந்து என்ற மத்திய அமைப்பையே மூடப்போவதாகப் பிரதமர் கியர் ஸ்டார்மர் அறிவித்தார். வாரியங்கள் தங்கள் நிர்வாகச் செலவைப் பாதியளவுக்குக் குறைக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. மக்கள்தொகையில் தலைக்கு 18.76 பவுண்டு என்பது அவற்றுக்கு விதிக்கப்பட்ட வரம்பு.

பயிற்சியைப் பேசும் கட்டுரையில் இந்த வரலாறு தேவைதானா என்று கேட்கலாம். தேவை. 2021இல் ஐந்தாண்டு மருத்துவப் படிப்பில் சேர்ந்து, முதல் ஆண்டிலேயே ஒரு கொள்முதல் குழுவில் பயிற்சி பெற்ற மாணவர் பட்டம் வாங்குவதற்குள் அந்தக் குழு இல்லாமல் போயிருக்கும். அதன் வாரிசான வாரியமும் பாதி ஆட்களை இழக்கும் நெருக்கடியில் இருக்கும். அவருக்கு வழிகாட்டியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அவர் எழுதிய அறிக்கை எந்தக் கோப்பில் இருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது. வார்டுப் பயிற்சிக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் ஒரு மரபு உண்டு. கொள்முதல் பயிற்சிக்கு அப்படி ஒரு மரபு ஊன்றுவதற்கு முன்பே அலுவலகம் இடம் மாறிவிடுகிறது.

வருவது யார், அனுப்புவது ஏன்

நிர்வாகப் பயிற்சியாளர்களே பழைய வழக்கம். என்எச்எஸ் பட்டதாரி நிர்வாகப் பயிற்சித் திட்டத்தின் வேர் 1956இல் இருக்கிறது. 2014 முதல் 2021 வரை என்எச்எஸ் இங்கிலாந்தின் தலைமை நிர்வாகியாக இருந்த சைமன் ஸ்டீவன்ஸ், அவருக்குப் பின் வந்த அமண்டா பிரிட்சர்ட் இருவரும் இந்தத் திட்டத்தின் வழியே உள்ளே வந்தவர்கள்தான். பொதுச் சுகாதாரத் துறை நிபுணராகப் பயில்பவர்கள் இன்னொரு வகை. இவர்களின் பயிற்சி ஐந்தாண்டு; மருத்துவர் அல்லாதவர்களும் சேரலாம். இந்த இரு சாராருக்கும் கொள்முதல் அலுவலகம் என்பது பின்னால் பார்க்கப்போகும் வேலையின் ஒத்திகை.

மருத்துவ மாணவர், செவிலிய மாணவர், மருந்தாளுநர் பயிற்சியாளர் ஆகியோரின் நிலை வேறு. இவர்களில் பெரும்பாலோர் பிற்காலத்தில் இந்த அலுவலகத்தில் உட்காரப்போவதில்லை. பிறகு ஏன் அனுப்ப வேண்டும்? மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்பார்ப்பு. பட்டதாரி மருத்துவர் தான் வேலை செய்யும் சுகாதார அமைப்பின் கட்டமைப்பை அறிந்திருக்க வேண்டும் என்கிறது பொது மருத்துவ கவுன்சில். 2026 முதல் புதிதாகப் பதிவு பெறும் மருந்தாளுநர் ஒவ்வொருவரும் தாமே மருந்துச் சீட்டு எழுதும் தகுதியோடு வெளிவருகிறார். எந்த மருந்தை எழுதலாம், எதற்குத் தடை என்ற பட்டியலை யார், எதை வைத்துத் தயாரிக்கிறார்கள் என்று தெரியாமல் சீட்டு எழுதுவது சரியாக வருமா என்பது நியாயமான கேள்வி.

இரண்டாவது காரணத்தை அவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை. இடப் பற்றாக்குறைதான் அது. செவிலிய மாணவர் பதிவு பெற 2,300 மணி நேரம் நடைமுறைப் பயிற்சி வேண்டும். 2023 ஜூனில் வெளியான நீண்டகாலப் பணியாளர் திட்டம், மருத்துவக் கல்லூரி இடங்களை 2031-32க்குள் 15,000 ஆக உயர்த்த வேண்டும் என்றது. வார்டுகள் அந்த அளவுக்குப் பெருகப்போவதில்லை. ஆகவே மாணவர்களை உட்காரவைக்கப் புது இடங்கள் தேட வேண்டியிருக்கிறது. அப்படித் தேடும்போது கண்ணில் படும் இடங்களில் ஒன்று கொள்முதல் அலுவலகம். பாடத்திட்டத்துக்காக அனுப்பப்படும் மாணவரும் மணிக்கணக்கை நிரப்ப அனுப்பப்படும் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்தாலும், அவர்களிடம் எதிர்பார்ப்பது ஒன்றாக இருப்பதில்லை.

மூன்றாவது காரணமே இக்கட்டுரைக்கு முக்கியமானது. சிகிச்சை மறுக்கப்படும்போது அந்தச் செய்தியை நோயாளியிடம் சொல்பவர் மருத்துவர். மறுப்பை எழுதியவர் வேறொருவர். இந்த இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே இருப்பது இரு பக்கமும் நம்பிக்கையைக் கெடுக்கிறது. மாணவப் பருவத்தில் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போய் வந்தால், 'அலுவலகத்தில் யாரோ முடியாது என்று சொல்லிவிட்டார்கள்' என்று கைவிரிக்கும் மருத்துவர்கள் குறைவார்கள் என்பதே எதிர்பார்ப்பு.

கற்பதற்கு அங்கே இருப்பது

தேவையைக் கணிப்பதில் தொடங்கலாம். வட்டார மக்களின் வயது, வறுமை, நோய், இறப்பு ஆகியவற்றைத் தொகுக்கும் கூட்டுத் தேவை மதிப்பீடு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமானது. நல்ல மருத்துவ வசதி, அது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமிருந்து விலகியே இருக்கும் போக்குடையது என்று வேல்ஸ் நாட்டுக் குடும்ப மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் லான்செட் இதழில் எழுதினார். அந்தக் கருத்தைப் புத்தகத்தில் படிப்பது வேறு. ஒரே வாரியத்தின் இரண்டு பகுதிகளுக்கு இடையே கண்புரை அறுவை சிகிச்சையின் எண்ணிக்கை ஏன் இப்படி வேறுபடுகிறது என்று அட்டவணையை வைத்துக்கொண்டு நாமே துருவிப் பார்ப்பது வேறு.

எண்ணுக்குள் முடிவு ஒளிந்திருப்பதற்குத் தமிழருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. உடல் பருமனைக் கணக்கிடும் பிஎம்ஐ அளவு 30ஐத் தாண்டினால் ஆபத்து என்பது பொதுவான வரம்பு. தெற்காசியர்களுக்கு 23லேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5இல் அது கடுமையாகிறது என்று நைஸ் எனும் தேசிய மதிப்பீட்டு நிறுவனம் 2013இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எடைக் குறைப்பு சேவைக்கான பரிந்துரைப் படிவத்தில் எல்லாருக்கும் 30 என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டால், லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வசிக்கும் தமிழர் ஒருவர் சர்க்கரை நோயின் வாசலில் நின்றாலும் அந்தச் சேவைக்குத் தகுதியற்றவர் ஆகிவிடுவார். யாரும் அவரை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. படிவம் ஒதுக்கிவிட்டது. படிவத்தை எழுதும் இடத்தில் உட்கார்ந்து பார்த்த மாணவருக்கு இது ஒருநாளும் மறக்காது.

அடுத்தது, எதற்குப் பணம் தருவதில்லை என்ற பட்டியல். 2018-19இல் என்எச்எஸ் இங்கிலாந்தும் மருத்துவக் கல்விக் கழகங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து 17 சிகிச்சைகளைக் குறித்தன. குறட்டைக்கான அறுவை சிகிச்சை போன்ற நான்கை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை. டான்சில் நீக்கம், சுருள்சிரைச் சிகிச்சை போன்ற 13க்கு நிபந்தனை நிறைவேறினால் மட்டும் செய்யலாம் என்றன. ஒவ்வொரு நிபந்தனைக்குப் பின்னாலும் மருத்துவச் சான்று இருக்கிறது. அதோடு பணக் கணக்கும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது மாணவருக்கு நல்ல பயிற்சி.

நைஸ் சொன்னால் செய்துதான் ஆக வேண்டுமா என்ற கேள்வியிலும் நுணுக்கம் உண்டு. ஒரு புது மருந்தை அது தன் தொழில்நுட்ப மதிப்பீட்டில் ஏற்றுக்கொண்டால், வழக்கமாக மூன்று மாதத்துக்குள் பணம் ஒதுக்குவது சட்டக் கடமை. அது வெளியிடும் பொது வழிகாட்டுதலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு மூன்று முழுச் சுற்று செயற்கைக் கருவூட்டல் தரலாம் என்று 2013 வழிகாட்டுதல் சொல்கிறது. பல வட்டாரங்கள் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டன. கேம்பிரிட்ஜ்ஷயர் - பீட்டர்பரோ குழு 2017இல் அதையும் நிறுத்திவைத்து, 2021இல் மீண்டும் கொண்டுவந்தது. ஒரே நாடு, ஒரே வரி. ஆனால் முகவரியைப் பொறுத்துச் சிகிச்சை. இது அநீதியா, அல்லது வட்டாரத்துக்கு முடிவெடுக்கும் உரிமை கொடுத்ததன் இயல்பான விளைவா? கொள்முதல் அலுவலகத்தில் இந்த விவாதம் ஒருபோதும் முடிவதில்லை.

எல்லாவற்றையும்விட அடர்த்தியான பாடம் தனிநபர் நிதிக் கோரிக்கைக் குழுவில் கிடைக்கிறது. பட்டியலில் இல்லாத சிகிச்சையைத் தன் நோயாளிக்கு மட்டும் விதிவிலக்காகத் தரும்படி மருத்துவர் விண்ணப்பிக்கலாம். பொதுச் சுகாதார மருத்துவர், மருந்தாளுநர், குடும்ப மருத்துவர், மருத்துவத் துறை சாராத பொதுமக்கள் பிரதிநிதி போன்றோர் அமர்ந்து, பெயர் நீக்கிய விண்ணப்பத்தைப் படிக்கிறார்கள். முதலில் எழும் கேள்வி 'இவருக்கு இது பலன் தருமா' என்பதன்று. 'இதே நோயுள்ள மற்றவர்களிலிருந்து இவர் மருத்துவ ரீதியாக எப்படி வேறுபட்டவர்' என்பதே அது. இவரைப் போல வட்டாரத்தில் இன்னும் இருபது பேர் இருந்தால், அது விதிவிலக்காகாது. எல்லாருக்குமான கொள்கையாக அதை மாற்றலாமா என்று தனியே முடிவெடுக்க வேண்டும். சிறு குழந்தைகளின் தாய், முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர் என்பன போன்ற குடும்பச் சூழலைப் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதை எடுத்தால் துணையற்றவரின் உயிர் மலிவு என்று ஆகிவிடும் என்பது காரணம். முதல்முறை கேட்கும் மாணவருக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் வேறு எந்த விதியும் இதைவிட நியாயமாக இருக்குமா என்ற சந்தேகமும் வரும். அந்தத் தடுமாற்றத்தில்தான் கல்வி நடக்கிறது.

இந்தக் குழுக்களின் நடைமுறை நீதிமன்றத்தில் செதுக்கப்பட்டது. 1995இல் ரத்தப் புற்றுநோய் கண்ட பத்து வயதுச் சிறுமிக்கு 75,000 பவுண்டு செலவில் இன்னொரு சுற்று சிகிச்சை தர கேம்பிரிட்ஜ் சுகாதார ஆணையம் மறுத்தது. இருக்கும் பணத்தை எப்படிப் பகிர்வது என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலையாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. 2006இல் ஸ்விண்டன் டிரஸ்டின் வழக்கில் தீர்ப்பு மறுபக்கம் விழுந்தது. மார்பகப் புற்றுநோயின் ஆரம்பக் கட்டத்தில் ஹெர்செப்டின் மருந்துக்குப் பணம் ஒரு பிரச்சினையே இல்லை என்று சொன்ன டிரஸ்ட், விதிவிலக்கானவர்களுக்கு மட்டுமே தருவோம் என்றது. யார் விதிவிலக்கு என்று சொல்ல அதனால் முடியவில்லை. அந்தக் கொள்கை பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தெளிவாவது ஒன்று: மறுக்கலாம், ஆனால் காரணத்தைச் சொல்லத் தெரிய வேண்டும்.

மருந்துப் பிரிவுக்குப் போகும் மாணவருக்கு லயோதைரோனின் கதை போதும். தைராய்டு குறைபாட்டுக்கான பழைய மருந்து அது. வேறு போட்டி நிறுவனம் இல்லாததால், 2009இல் சுமார் 20 பவுண்டாக இருந்த ஒரு பாக்கெட்டின் விலை 2017இல் 248 பவுண்டுக்கு ஏறியது. அதே 2017இல் வழக்கமாக எழுத வேண்டாத மருந்துகளின் பட்டியலில் அது சேர்ந்தது. பல நோயாளிகள் பழகிய மருந்தை விட வேண்டியிருந்தது. 2021இல் போட்டி ஆணையம் சம்பந்தப்பட்ட நிறுவனங்களுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தது. செலவுக் குறைப்பு என்ற தலைப்பில் மாணவருக்குத் தரப்படும் விரிதாளில் இது ஒரு வரியாகத்தான் இருக்கும். விலை ஏன் ஏறியது, தண்டனை யாருக்கு விழுந்தது, அதற்குள் சிரமப்பட்டது யார் என்று அந்த வரியைத் தோண்டச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் மாணவருக்கு அது பெரும் பேறு.

கண்காணிப்பு கடைசிக் கட்டம். பெரும்பாலும் சலிப்பூட்டும் கட்டமும் அதுவே. பிரிஸ்டலுக்கு அருகே விண்டர்போர்ன் வியூ எனும் தனியார் மருத்துவமனையில் கற்றல் குறைபாடுள்ளவர்கள் வதைக்கப்பட்டதை 2011இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி படம்பிடித்துக் காட்டியது. ஒரு நோயாளிக்கு வாரம் சராசரியாக 3,500 பவுண்டு அரசுப் பணம் போய்க்கொண்டிருந்தது. பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் போதவில்லை. காலாண்டு அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருப்பது எதற்கும் உத்தரவாதமில்லை என்பதை மாணவர் இதைவிட அழுத்தமாகக் கற்க முடியாது.

நடைமுறையில் கிடைப்பது

கற்பதற்கு இவ்வளவு இருந்தும் பல மாணவர்களின் கையில் மிஞ்சுவது கூட்டக் குறிப்புதான். திங்கள்கிழமை ஒரு செயற்குழு, செவ்வாய்க்கிழமை ஒரு துணைக்குழு, இடையில் டீம்ஸ் அழைப்புகள், ஒரு விரிதாள், கடைசி நாளில் ஒரு பவர்பாயின்ட். அடுப்படிப் பக்கமே விடாமல் பந்தியில் மட்டும் உட்காரவைத்துச் சமையல் கற்றுக்கொடுப்பது போன்றது இது. கூட்டத்தில் பரிமாறப்படுவது ஏற்கெனவே சமைத்த முடிவு. வாக்குவாதமும் பேரமும் பின்வாங்கலும் அதற்கு முந்தைய வாரங்களில் நடந்திருக்கும்.

வழிகாட்டிகளை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. சில தடைகள் அமைப்பிலேயே இருக்கின்றன. வார்டில் இருக்கும் மருத்துவரைப் போல நோயாளியின் அடையாளத்தோடு கூடிய தகவலைப் பார்க்கும் உரிமை கொள்முதல் அமைப்புகளுக்குப் பொதுவாக இல்லை. 2013 மாற்றத்துக்குப் பின் இந்தக் கட்டுப்பாடு இறுகியது. ஊழியருக்கே அடையாளம் நீக்கிய தரவுதான் கிடைக்கும்போது குறுகிய காலம் வந்துபோகும் மாணவருக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. வணிக ரகசியம் அடுத்த தடை. ஒப்பந்தப் புள்ளிகளை மதிப்பிடும் அறையில் வெளியாளுக்கு இடமில்லை. மருந்தியல் மாணவர் ஒருவர் சனிக்கிழமைகளில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவராக இருந்தால், அந்த நிறுவனத்துக்குப் பணம் தருவதைப் பேசும் கூட்டத்தில் அவர் உட்காரலாமா என்ற கேள்வி வரும். வாரியக் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கின்றன. சிக்கலான விஷயங்கள் மூடிய இரண்டாம் பகுதிக்குப் போகின்றன. மாணவர் பார்ப்பது பெரும்பாலும் முதல் பகுதியை.

பணமும் ஒரு சல்லடை. படிப்பின் பகுதியாக ஓராண்டுக்கு மிகாமல் பணிப்பயிற்சி செய்பவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டிய சட்டக் கட்டாயம் இங்கிலாந்தில் இல்லை. சில இடங்கள் தருகின்றன; சில இடங்கள் பயணச் செலவோடு நிறுத்திக்கொள்கின்றன. பெற்றோர் வீட்டில் இருந்தபடி ஊதியமின்றி மூன்று மாதம் போய்வர முடிந்தவருக்கே வாய்ப்பு கிட்டுகிறது என்றால், ஏழை வட்டாரங்களின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் மேசைக்கு அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் வருவது அரிதாகிவிடும். இந்தியாவிலிருந்து பொதுச் சுகாதார முதுகலை படிக்கப் போகும் மாணவர்களுக்கு இந்தச் சுவர் இன்னும் உயரம். கட்டணமும் வாடகையும் கட்டிவிட்டு ஊதியமில்லாத பயிற்சியைத் தேர்ந்தெடுக்க எத்தனை பேரால் முடியும்? டி-லெவல் எனும் தொழிற்கல்விப் படிப்பில் சேரும் பதினாறு வயதினருக்கு 315 மணி நேரப் பணிப்பயிற்சி கட்டாயம் என்று ஆனது இந்த விஷயத்தில் ஒரு சிறு திறப்பு. பள்ளிப் பருவத்திலேயே உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த அலுவலகங்களுக்கு வர அது வழி செய்யலாம்.

இன்னொரு குறை மதிப்பீட்டில் இருக்கிறது. வார்டில் ஊசி போடத் தெரிந்ததா, நோயாளியிடம் பேசத் தெரிந்ததா என்று பார்த்து மதிப்பெண் போடலாம். கொள்முதல் பயிற்சியின் பலன் பல ஆண்டுகள் கழித்து, வேறொரு இடத்தில், ஒரு பரிந்துரைக் கடிதத்தின் தரத்தில் தெரியவரும். ஆகவே பயிற்சி முடிந்ததும் 'என் புரிதல் கூடியது' என்று மாணவரே எழுதித் தரும் குறிப்பைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது. அது பொய்யென்று சொல்லவில்லை, போதாது.

அலுவலகமே வேண்டாமென்றால்?

இந்தப் பயிற்சிக்கு எதிரான வலுவான வாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. கொள்முதல் என்ற ஏற்பாடே தோற்றுவிட்டது, அதில் மாணவரைப் பழக்கி என்ன பயன் என்பது அது. நாடாளுமன்ற மக்களவையின் சுகாதாரக் குழு 2010இல் இருபதாண்டு அனுபவத்தை ஆராய்ந்து, அதைச் செலவு மிகுந்த தோல்வி என்றே குறிப்பிட்டு, விரைவில் மேம்படாவிட்டால் வாங்குபவர் - வழங்குபவர் பிரிவினையை ஒழிக்க வேண்டியிருக்கலாம் என்ற அளவுக்குக் கடுமையாக எழுதியது. ஸ்காட்லாந்து 2004இல் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. வேல்ஸ் 2009இல் கைவிட்டது. இங்கிலாந்திலும் 2022 சட்டம் போட்டியை ஓரங்கட்டிவிட்டு ஒத்துழைப்பை முன்னால் வைத்தது.

வாதத்தில் பாதி உண்மை. சந்தையைப் போல நடிக்கும் ஒப்பந்த நடைமுறைகளும் விலைப்பட்டியல் சண்டைகளும் நாளை இல்லாமல் போகலாம். அவற்றை மட்டும் கற்ற மாணவரின் அறிவு அலுவலகத்தின் பெயர்ப்பலகையோடு காலாவதியாகும். ஆனால் எடின்பரோவிலும் கார்டிஃபிலும்கூட யாரோ ஒருவர் இந்த ஆண்டு முழங்கால் அறுவைக்கு எவ்வளவு, குழந்தைகள் மனநலத்துக்கு எவ்வளவு என்று பிரிக்கத்தான் செய்கிறார். பிரிப்பவரின் பதவிப் பெயர் மாறும். பிரிக்கும் வேலை நீங்காது. ஆகவே மாணவருக்குக் கற்பிக்க வேண்டியது ஒப்பந்தப் படிவத்தை நிரப்பும் முறையைவிட, போதாத பணத்தைக் காரணத்தோடு பகிரும் முறையை. லண்டனும் மான்செஸ்டரும் பக்கவாதச் சிகிச்சையில் எடுத்த வெவ்வேறு முடிவுகள் ஒப்பந்தச் சட்டத்தால் வந்தவை அல்ல. சான்றை எப்படி எடைபோட்டார்கள், உள்ளூர் மருத்துவமனைகளின் எதிர்ப்புக்கு எவ்வளவு வளைந்தார்கள் என்பதால் வந்தவை. அந்தப் பாடம் எந்தச் சீரமைப்பிலும் பழசாகாது.

ஒரு முடிவை முழுதாக

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஒரு பரிந்துரை எழுகிறது. மாணவருக்குப் பத்துக் கூட்டம் காட்டுவதைவிட ஒரே ஒரு சிறு முடிவை அடி முதல் நுனி வரை கொடுப்பது மேல். அது பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை. ஓர் எடைக் குறைப்புப் படிவத்தின் தகுதி வரம்பு, ஒரு மருந்தை மாற்றும் பரிந்துரை, ஒரு பிசியோதெரபி சேவையின் காத்திருப்புக் காலம் போதும். தரவைத் திரட்டட்டும். சான்றைப் படிக்கட்டும். செலவைக் கணக்கிடட்டும். சமத்துவச் சட்டப்படி யாருக்குப் பாதகம் வரும் என்ற தாக்க மதிப்பீட்டை எழுதட்டும். தன் பரிந்துரையைக் குழுவின் முன் வைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். குழு அதை நிராகரித்தால் ஏன் என்று எழுத்தில் பெறட்டும்.

அதோடு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, அந்த முடிவால் பாதிக்கப்படும் நோயாளிகளில் சிலரையும் அதை நடைமுறைப்படுத்தும் குடும்ப மருத்துவரையும் மாணவர் நேரில் பார்க்க வேண்டும். நோயாளியே இல்லாத பயிற்சி என்பது இந்த இடத்தின் தன்மையே ஒழிய, அதைத் தலைவிதியாக ஏற்க வேண்டியதில்லை. இரண்டு, சில மாதம் கழித்து என்ன ஆனது என்ற செய்தி மாணவருக்குத் திரும்பி வர வேண்டும். பயிற்சிக்காலம் முடிந்துவிட்டது என்பதற்காக விளைவு தெரியாமல் போவது, அறுவை முடிந்த நோயாளி பிழைத்தாரா என்று அறியாமலே அறுவை மருத்துவர் ஆவது போல் அபத்தம். பல்கலைக்கழகம் இந்தத் தொடர்பைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டால், அலுவலகம் கலைந்தாலும் பாடம் கலையாது.

நிர்வாகச் செலவைப் பாதியாக்கச் சொல்லியிருக்கும் வேளையில் மாணவர்களைக் கவனிக்க ஆள் ஏது என்பார்கள். எந்தச் சிக்கனத்திலும் முதலில் வெட்டுப்படுவது இதுபோன்ற பயிற்சிகள்தான். ஆனால் கணக்கை மறுபக்கமிருந்தும் போட்டுப் பார்க்க வேண்டும். வாரியங்களில் முன்னைவிடக் குறைந்த ஆட்கள், சராசரியாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று முடிவு செய்யப்போகிறார்கள். முடிவெடுப்பவர்கள் குறையக் குறைய, அந்த முடிவைப் படித்துப் புரிந்து, தேவையானால் எதிர்த்து வாதாடத் தெரிந்த மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் வெளியே அதிகம் தேவைப்படுவார்கள். கொள்முதல் அலுவலகத்தில் ஒரு மாணவர் கழிக்கும் சில வாரங்களை அந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்: நாளை ஒரு மறுப்புக் கடிதம் மேசைக்கு வரும்போது, அதிலுள்ள காரணம் சரியா தவறா என்று சொல்லவும், தவறென்றால் அதே மொழியில் பதில் எழுதவும் அவருக்கு வருமா என்பது.